ஆண் வேஷமும் அதன் வாடகையும்

மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று நாம் சொல்லும் கல்லுக்குள் இருப்பவள் துர்க்கை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு ஊர்த் திருவிழாவில், விடிய விடியக் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரௌபதியாக நின்றவர் ஒரு ஆண். துகிலுரியும் கட்டத்தில் பக்கத்திலிருந்த ஆயா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. "பொம்பளைங்க ஏன் வேஷம் கட்டறதில்ல ஆயா?" என்றேன். "ராவெல்லாம் பொம்பள ஆடினா ஊரு இன்னா சொல்லும்?" என்று என்னையே கேட்டது.

ஆண் பெண்ணாவது மரபு. பெண் ஆணாவது விவகாரம். இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. ஜப்பானில் 1629இல் பெண்கள் கபுகி மேடையிலிருந்து தடை செய்யப்பட்டார்கள்; பெண் வேஷம் ஆண்களின் உயர்கலையாயிற்று. 1913இல் இச்சிசோ கோபயாஷி என்ற ரயில் முதலாளி, தன் பாதை முடியும் தகாரசுகாவுக்குக் கூட்டம் சேர்க்கப் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை அமைத்தார். ஆண் வேஷக்காரிகள் இன்றும் அங்கே நட்சத்திரங்கள். ரசிகர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிபந்தனை ஒன்றுண்டு: கல்யாணம் செய்துகொண்டால் வெளியேற வேண்டும்.

கும்பகோணம் பாலாமணி, அதற்கும் முன்பே பெண்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகத்துக்காகவே ரயில் விட்டதாகச் சொல்வார்கள். நான் படித்தவரை நம் நாடக வரலாறுகள் அவருடைய அழகைப் பேசுகின்றன. அவரோடு ஆண் வேஷம் கட்டிய பெண்களின் நடிப்பைப் பேசுவதில்லை.

கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலேயே ஆண் வேஷம் கட்டியவர். 1933இல் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு தலித்தின் உடலை, மங்கலத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு விதவை ஏற்றார். நந்தன் தீயில் இறங்கித்தான் சிதம்பரத்துக்குள் போக முடிகிறது. சுந்தராம்பாளின் ஆண் வேஷமும் துறவைக் காட்டித்தான் திரைக்கு வந்தது.

பாலினம் என்பது திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுவதால் உருவாவது என்றார் ஜூடித் பட்லர், 1990இல். சரிதான். ஆனால் திரும்பத் திரும்ப நிகழ்த்த மேடை வேணும், ராத்திரி வேணும், பத்திரமாக வீடு திரும்ப வழி வேணும். இதை யார் தருவது?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்துக்குப் பக்கம், புஞ்சரசந்தாங்கலில், 2002இல் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்ற பெண் பிள்ளைகள், கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜ வேஷத்தில் அடவு போட்டார்கள். உடம்பால் முடியாது என்ற பேச்சு அத்தோடு செத்தது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

பெண் வேஷம் கட்டும் ஆணையும் ஊர் கேலி செய்யும், மறுக்கவில்லை. ஆனாலும் விடிந்ததும் அரிதாரம் கழுவி அவர் குடும்பத் தலைவராக வீட்டுக்குப் போகலாம். ஆண் வேஷம் கட்டிய பெண்ணிடம் மட்டும் கன்னிமை அல்லது துறவு என்று வாடகை கேட்கிறோம். ஆயா சொன்ன 'ஊரு' நாம்தான். கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுக்கும்போது, பெண்கள் ஆடும் குழுவைக் கூப்பிடலாமே என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?