கடல் ரோந்து விமானங்கள்: 1941 கோத்தா பாரு முதல் இன்றைய சுபாங் வரை

கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு சுபாங்கில் ஏறி இறங்கும் புரொப்பெல்லர் விமானங்களின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. பயர்பிளை நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானத்தில் சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர். அதே ரக விமானம்தான் இப்போது நம் நாட்டுக் கடலைக் காவல் காக்கவும் தேர்வாகியிருக்கிறது. 2023 மே மாதம் லங்காவியில் நடந்த லிமா கண்காட்சியில், 2 ஏடிஆர் 72 கடல் ரோந்து விமானங்களை வாங்க இத்தாலியின் லியோனார்டோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்துக்கு ஆகாயப் படையில் என்ன வேலை? அதைத் தெரிந்துகொள்ள, கடல் ரோந்து விமானம் எதற்காக இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உயரத்திலிருந்து பார்ப்பதன் பயன்

பூமி உருண்டை. அதனால் கடற்கரையில் 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறி நின்றாலும் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியாது. 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அந்த எல்லை சுமார் 195 கிலோமீட்டராக விரிகிறது. ஒரு கப்பல் பல நாள் சுற்றிப் பார்க்க வேண்டிய பரப்பை, ஒரு விமானம் சில மணி நேரத்தில் பார்த்துவிடும்.

கிள்ளான் துறைமுகத்தின் திரைகளில்தான் எல்லாக் கப்பல்களும் தெரிகின்றனவே என்று கேட்கலாம். அனைத்துலகப் பயணத்தில் உள்ள 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். கப்பலின் பெயர், திசை, வேகம் எல்லாவற்றையும் அந்தக் கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் கடத்தல்காரனின் படகில் அது இருக்காது. அத்துமீறி மீன்பிடிக்க வரும் படகு அதை அணைத்து வைத்திருக்கும். என்ஜின் பழுதாகி மிதக்கும் சிறு மீன்பிடிப் படகிலும் அது இல்லாமல் போகலாம். தன்னை மறைப்பவனையும் தன் நிலையைச் சொல்ல முடியாதவனையும் தேடிக் கண்டுபிடிப்பதே ரோந்து விமானத்தின் வேலை.

அமைப்பு எப்படி இருக்கும்?

போர் விமானத்துக்கு வேகம் முக்கியம். ரோந்து விமானத்துக்கு முக்கியம், தேட வேண்டிய இடத்தில் எத்தனை மணி நேரம் சுற்ற முடியும் என்பதுதான். அதனால்தான் பல நாடுகள் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் டர்போப்ராப் விமானங்களை விரும்புகின்றன. 4 என்ஜின் கொண்ட ஓரியன் விமானம், தேடும் இடத்தை அடைந்ததும் ஓர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பறப்பது வழக்கம். எரிபொருளைச் சேமித்துக் கூடுதல் நேரம் தேடவே அந்த ஏற்பாடு.

விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ரேடார் கூடு புடைத்திருக்கும். பக்கத்தில் அல்லது அடியில், இரவிலும் உடல் சூட்டையும் என்ஜின் சூட்டையும் காட்டும் வெப்பக் கேமரா உருண்டையாகத் தொங்கும். உள்ளே பயணிகள் இருக்கைக்குப் பதிலாகத் திரைகள் வைத்த மேசைகள். பல ரகங்களில் பக்கச் சன்னல் குமிழ்போல் வெளியே பிதுங்கியிருக்கும். கண்காணிப்பாளர் அதில் தலையை நுழைத்து நேர் கீழே பார்க்கலாம். எத்தனைக் கருவி வந்தாலும், அலைகளுக்கு நடுவே மனிதத் தலை ஒன்றைத் தேடும்போது கடைசியில் கண்தான் கைகொடுக்கிறது.

நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் பெரிய ரகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். ஒலி மிதவைகளைக் கடலில் போட்டு, நீருக்கடியில் வரும் சத்தத்தை விமானத்திலிருந்தே கேட்கும்.

நீண்ட நேரம் பறக்க வேண்டும், உள்ளே ஆட்களும் மேசைகளும் கொள்ள வேண்டும், பழுது பார்க்க உதிரிப் பாகம் எளிதில் கிடைக்க வேண்டும். இவை அனைத்தும் பயணிகள் விமானத்தில் ஏற்கெனவே உண்டு. ஆகவேதான் அமெரிக்காவின் ஓரியன், லாக்ஹீட் எலக்ட்ரா பயணிகள் விமானத்திலிருந்து வந்தது. பிரிட்டனின் நிம்ராட், காமெட் விமானத்திலிருந்து வந்தது. இன்றைய பி-8 போசைடன், நாம் நன்கறிந்த போயிங் 737-இலிருந்து வந்தது. ஏடிஆர் 72-உம் அதே வரிசையில் சேர்கிறது.

கோத்தா பாரு கண்ட காட்சி

மலாயாவின் வரலாற்றிலும் அப்படிப்பட்ட ஒரு விமானம் உண்டு. 1941 டிசம்பர் 6 நண்பகல் வேளையில், கோத்தா பாருவிலிருந்து கிளம்பிய ஆஸ்திரேலிய ஆகாயப் படையின் ஹட்சன் விமானம், மலாயாவை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டது. ஹட்சனும் லாக்ஹீட் பயணிகள் விமானம் ஒன்றிலிருந்து உருவானதுதான். செய்தி உடனே அனுப்பப்பட்டது. ஆனால் பருவமழை மேகத்தில் கப்பல்கள் மறைந்துபோயின. அவற்றை விடாமல் பின்தொடர முடியவில்லை.

மறுநாள் அவற்றைத் தேடிப் போன பிரிட்டிஷ் கேட்டலினா பறக்கும் படகை ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த 8 பேரும் மாண்டனர். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பல மணி நேரம் முன்பே நடந்தது இது. டிசம்பர் 8 நள்ளிரவுக்குப் பிறகு கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. அதன்பின் நம் தோட்டங்களுக்கு நேர்ந்ததும், பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனதும் நம் தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்ட கதை.

ஒரு முறை பார்ப்பது போதாது, பார்த்ததைத் தொடர்ந்து கண்ணில் வைத்திருக்க வேண்டும். 1941 சொல்லித் தந்த பாடம் அதுதான்.

மலேசியாவின் ரோந்து விமானங்கள்

1980-இல் மலேசியா தன் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தைப் பிரகடனம் செய்தது. நாட்டின் நிலப்பரப்பு சுமார் 330,000 சதுர கிலோமீட்டர். இந்தக் கடல் மண்டலமோ சுமார் 450,000 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் காவல் காக்க வேண்டிய பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. அதே ஆண்டில்தான் அரச மலேசிய ஆகாயப் படைக்கு ரோந்துக் கருவி பொருத்திய 3 ஹெர்குலிஸ் சி-130 விமானங்கள் வந்தன.

1994-இல் 4 பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200டி விமானங்கள் சேர்ந்தன. சுபாங்கைத் தளமாகக் கொண்ட 16-ஆவது ஸ்குவாட்ரன் இவற்றை இயக்கியது. அதில் ஒன்று 2016 டிசம்பரில் பட்டர்வொர்த்தில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி, ஒருவர் உயிரிழந்தார். பட்டர்வொர்த் தளத்திலிருந்து ஆஸ்திரேலிய ரோந்து விமானங்களும் 1981 முதல் பறந்து வருகின்றன.

மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளை தலைதூக்கியபோது, 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தை அதைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அவ்வழியே போகும் கப்பல்களுக்குக் காப்புறுதிச் செலவு கூடும் நிலை. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கிள்ளான் போன்ற ஊருக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் 'ஐஸ் இன் த ஸ்கை', அதாவது 'வானத்தின் கண்கள்' என்ற கூட்டு வான் ரோந்து தொடங்கியது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகள் அதில் இணைந்தன. நவம்பரில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனமும் பணியைத் தொடங்கியது. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கடல்சார் அமலாக்க நிறுவனம் பின்னர் 2 பம்பார்டியர் 415 விமானங்களைப் பெற்றது. நீரிலும் இறங்கக்கூடிய இவை, கடலையோ ஏரியையோ உரசிக்கொண்டே பறந்து 12 விநாடியில் சுமார் 6,000 லிட்டர் நீரை அள்ளித் தீயணைக்கவும் வல்லவை. ஆகாயப் படையின் சிஎன்-235 போக்குவரத்து விமானங்களில் 3, அமெரிக்க நிதியுதவியுடன் இந்தோனேசியாவின் பண்டுங்கில் ரோந்து விமானமாக மாற்றப்பட்டன.

எம்எச்370 தேடலும் அரக்கோணமும்

2014 மார்ச் 8 அதிகாலை 239 பேருடன் எம்எச்370 காணாமல் போனபோது, ரோந்து விமானங்களின் பெயர்கள் நம் வீடுகளுக்குள் வந்தன. தேடல் இந்தியப் பெருங்கடலின் தெற்குக்கு மாறிய முதல் நாட்களில், தேடிய இடம் பெர்த் நகரிலிருந்து சுமார் 2,500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஓரியன் விமானம் போக 4 மணி, திரும்ப 4 மணி. தேடுவதற்கு மிஞ்சியது 2 மணி நேரம்தான். நீண்ட நேரம் பறக்கும் ஆற்றலுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை உலகமே அன்று பார்த்தது.

தேடலில் உதவ இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் சுபாங்குக்கு வந்தது. போயிங் 737-இலிருந்து உருவான அந்த ரகத்தின் முதல் தளம் தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி. அதற்கு முன் அங்கிருந்து பறந்தவை ரஷ்யாவின் டியு-142 விமானங்கள். 2017-இல் அவை ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்று இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

எத்தனை விமானம் போதும்?

ஒரு விமானம் தேடும் இடத்தில் 6 மணி நேரம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் இடத்தை இரவு பகலாகப் பார்க்க நாளுக்கு 4 முறை பறக்க வேண்டும். ஒன்று பழுது பார்ப்பில் இருக்கும், ஒன்று எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கும். நமக்கோ ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, மறுபக்கம் தென்சீனக் கடல், அப்பால் சபா கடற்பகுதி. புதிதாக வாங்கும் 2 விமானங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், அவை நல்ல தொடக்கமே தவிர முழுமை அல்ல என்பது விளங்கும். அதே லிமாவில் துருக்கியிடமிருந்து 3 அங்கா ஆளில்லா விமானங்களுக்கும் ஒப்பந்தம் போட்டதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

வானிலிருந்து தேடுபவர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கோலக்கிள்ளான் பக்கம் மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள், புறப்படும் முன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. கடலில் ஆபத்து என்றால் 999-க்கு அழைக்கலாம். உங்கள் வீட்டார் சொல்லும் அந்த ஒரு வரித் தகவல்தான், விமானம் எந்தத் திசையில் முதலில் பறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.