எதற்கு வந்த பணம்?

விக்கிரவாண்டிப் பக்கம் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்குள்ள நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஒரு கல்லூரியின் செலவுக் கணக்கு அது. இளைய மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல், மேல்படிப்புப் படிக்கும் 70 பேருக்குப் பத்து நாழி. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு என்பதோடு விட்டுவிடாமல் யாருக்கு, எதற்கு என்றும் எழுதியதால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கு புரிகிறது. திண்டிவனத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுதினவர் யாரோ, அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்து வியாபாரத்தைப் பெருக்கியது மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் ஓடத் தொடங்கியது. புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு மல்லாட்டை கப்பலேறிய காலம் அது. பிற்பாடு திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் வந்தன. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நாடு முழுக்கப் பேர் வாங்கியது. விளைச்சல் கூடியதும் கமிஷன் மண்டிகள் கூடின. மண்டிக்கு ஒரு கணக்குப்பிள்ளையும் வேண்டியிருந்தது.

அப்பா அப்படி ஒரு மண்டியில் உட்கார்ந்தவர். மூட்டை இறங்கி எடை போட்டதும் சிட்டையில் ஏறும். சாயங்காலம் சிட்டையிலிருந்து நாள்வழிக்கு, நாள்வழியிலிருந்து பேரேட்டில் அவரவர் பக்கத்துக்கு. வருஷக் கடைசியில் ஐந்தொகை. விதைப்புக்கு முன்பணம் வாங்கிய குடியானவர் அறுவடையில் மூட்டை கொண்டுவந்து போடுவார். தரகு, எடைக்கூலி, மகமை எல்லாம் கழித்து, முன்பணத்தையும் நேர்செய்து மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். இதில் மகமை கோயிலுக்கும் தர்மத்துக்கும் போகிற பணம். முதலாளி கையில் இருந்தாலும் அது அவருடையதில்லை என்பதால் பேரேட்டில் அதற்குத் தனிப் பக்கம்.

அப்பா எழுதிய வரிகளில் தொகைக்கு முன்னால் எப்போதும் விவரம் நிற்கும்: 'விதைக்கு', 'மாடு வாங்க', 'மகன் வசம் வரவு', 'கல்யாணத்துக்குக் கைமாற்று'. பணம் நீட்டுகிறவரிடம் "இன்னாத்துக்குப்பா இது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். அந்தக் கேள்வியைத்தான் நான் தொழில் என்று நினைக்கிறேன். கூட்டல் கழித்தல் அதற்குப் பின்னால் வருவது.

1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆனது. அரசாங்கம் கொடுத்த மாற்று அட்டவணைப்படி ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. ஒன்றும் இரண்டும் மூன்று. ஆனால் ஆறும் பன்னிரண்டும் பதினெட்டுத்தானே? மூன்றணா பாக்கியை மூன்று தவணையாகத் தீர்த்தவருக்கும் ஒரேயடியாகத் தீர்த்தவருக்கும் ஒரு பைசா வித்தியாசம். அந்த ஒரு பைசாவை யார் தலையில் வைப்பது என்று அட்டவணை சொல்லவில்லை. கணக்குப்பிள்ளையும் குடியானவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

1986இல் பிறந்த டேலி கணக்கு மென்பொருள், 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி., இவையெல்லாம் கூட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டன, கேட்கிற வேலை எங்களிடமே இருந்தது. செயற்கை நுண்ணறிவு வந்தபிறகுதான் அதுவும் தேவையில்லை என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பு, வங்கிக் கணக்கை ஏற்று, மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. நூறு பில்லை நொடியில் வகை பிரித்துவிடுகிறது. அதன் வேகம் எனக்கு வராது. ஆனால் ஒரு மண்டிக் கணக்கில், போனில் வந்த 40,000 ரூபாயை விற்பனை வரவு என்று அது எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் பேரேட்டில் எங்கும் இல்லை. முதலாளியைக் கேட்டேன். "அது நம்ம மயிலத்துக்காரர் புள்ளைண்ணே. அப்பா வாங்கின முன்பணத்தைத் திருப்பிப் போட்டிருக்கான்" என்றார். மூட்டை எதுவும் விற்காமலே விற்றுமுதல் கூடிப்போயிருந்தது. பற்றும் வரவும் இரண்டு பக்கமும் சரியாக நின்றதால் ஐந்தொகையில் தப்பு தெரிய வழியே இல்லை.

அரிசிக் கடையில் இன்னும் நுணுக்கம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத வரி; அதற்கு மேலென்றால் இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்தது. மங்கிப்போன பில்லில் 26 என்பதை 25 என்று படித்தால் இல்லாத வரி முளைக்கும். 2025 செப்டம்பர் 22இல் நெய்யின் வரி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பழைய பாடத்தை வைத்திருக்கும் மென்பொருள் தயங்காமல் 12 என்றே சொல்லும். தயங்குகிற ஆளிடம் மறுபடி கேட்கத் தோன்றும். தயங்காமல் சொன்னால் கடைக்காரர் நம்பிவிடுகிறார். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

சட்டமும் ஆளைத்தான் பிடிக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35, 36ஆம் பிரிவுகளின்படி கணக்கு வைப்பது பதிவுபெற்ற வியாபாரியின் பொறுப்பு. ஆண்டு அறிக்கைக்குக் கெடு முடிந்த நாளிலிருந்து 72 மாதம் அதைப் பாதுகாக்கவும் வேண்டும். ஆறு வருஷம் கழித்து ஓர் அதிகாரி 'இந்த 40,000 என்ன?' என்று கேட்டால் மென்பொருளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

அதனால் நான் பார்க்கும் கடைகளில் சிட்டையைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. போனில் பணம் விழுந்ததும் யார், எதற்கு என்று ஒரு வரி, தமிழிலேயே. ராத்திரி அதையும் பில்களோடு போட்டோ எடுத்து மென்பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம். நோட்டில் வரி இல்லாத தொகையை அது எந்த வகையில் போட்டிருந்தாலும், மறுநாள் காலையில் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டபிறகுதான் பேரேட்டில் ஏற்றுகிறேன்.