காற்றின் வெப்பமும் ஒரு பந்தயத்தின் முடிவும்

துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்தோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. காற்றை அமுக்கினால் அது சூடேறும். இச்சிறு உண்மையே ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பந்தயக் கார்களை ஆட்டிப்படைத்தது.

எஞ்சினின் உருளைக்குள் எவ்வளவு காற்றுப் புகுகின்றதோ அவ்வளவுக்கே எரிபொருளை எரிக்க முடியும். ஆகவே சூப்பர்சார்ஜர் என்னும் காற்றமுக்கியினாற் காற்றை வலிந்து புகுத்தினால், சிறிய எஞ்சினும் பெரியதன் வலுவைத் தரும். இவ்வுபாயத்தை மேர்ஸிடிஸ் நிறுவனத்தார் 1921இல் கார்களுக்குக் கொண்டுவந்தனர். 1923இல் மொன்ஸாவில் நடந்த இத்தாலியப் பெரும்பந்தயத்தில், காற்றமுக்கி பூண்ட ஃபியட் கார் வென்றது.

ஆயின் சூடேறிய காற்றின் அடர்த்தி குறைவு. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்துக்கொள்வது போன்றது இது. அதனினும் கொடியது, வெப்பம் மிகுந்த கலவை முறைதவறித் தானே வெடித்து முசலங்களைச் சிதைத்துவிடுவது.

இதற்கு மருந்தாக வாய்த்தது மெதனோல் என்னும் மர அற்ககோல். ஆவியாகும்போது அது தன் நிறையொத்த பெற்றோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். அன்றியும், ஒரே அளவு காற்றுக்குப் பெற்றோலிலும் இரு மடங்குக்கு மேல் அதனை ஊற்றவேண்டும். 1937இல் மேர்ஸிடிஸ் பொறியியலாளர் கார்புரேற்றரைக் காற்றமுக்கிக்கு முன்னே மாற்றியமைத்தனர். எரிபொருள் அமுக்கிக்குள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்தது, வலுவும் கூடிற்று. ஓர் உறுப்பின் இடத்தை மாற்றியே பெற்ற இப்பேறு, இவ்வரலாற்றில் மிக நயமானதென்பேன்.

இம்முறை உச்சநிலை எய்தியது அல்ஃபா ரொமேயோ நிறுவனத்தின் 159 என்னும் காரிலே. ஒன்றரை லீற்றர் எஞ்சின். ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு காற்றமுக்கிகள். 400க்கு மேற்பட்ட குதிரைவலு. அதன் முன்னோடியான 158, 1950இல் ஐரோப்பாவில் நடந்த உலக வாகைப் பந்தயங்கள் ஆறிலும் வென்றிருந்தது. ஆனால் அவ்வலுவுக்கு விலை? ஒரு கலன் எரிபொருளுக்கு 159 இரண்டு மைல்கூட ஓடாது. எரிபொருளில் ஒரு பங்கு எஞ்சினைக் குளிர்விக்கவே செலவாயிற்று!

எதிரே நின்றது ஃபெராரி. அதன் நாலரை லீற்றர் எஞ்சினுக்குக் காற்றமுக்கி கிடையாது. ஆகவே அத்தாகமும் இல்லை. 1951 ஜூலை 14ஆந் திகதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரனில் இரண்டும் மோதின. அல்ஃபாவைச் செலுத்திய ஃபன்ஜியோ, கனத்த தாங்கிகளைச் சுமந்தும் எரிபொருள் நிரப்ப நின்றும் நேரத்தை இழந்தார். ஃபெராரியைச் செலுத்திய கொன்சாலஸ் ஏறத்தாழ 51 விநாடி முந்தி வந்து சேர்ந்தார். இருவரும் ஆர்ஜென்ரீனா நாட்டவர் என்பது சுவையான செய்தி. உலக வாகைப் பந்தயமொன்றில் ஃபெராரி பெற்ற முதல் வெற்றி அதுவே.

அவ்வாண்டின் வாகைப் பட்டத்தை ஃபன்ஜியோவே பெற்றார். எனினும் ஆண்டிறுதியில் அல்ஃபா ரொமேயோ களத்தைவிட்டு விலகியது. 1954இல் வந்த புதிய விதி காற்றமுக்கியற்ற எஞ்சினுக்கு இரண்டரை லீற்றர் இடமளித்து, காற்றமுக்கி பூண்டதற்கு முக்கால் லீற்றரே வழங்கிற்று.