மாதா சொரூபம் எங்கே?

அர்ச். சவேரியாரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இல்லை. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து சிறுவர்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த அந்த மகான், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், மாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, ஜப்பானில் ககோஷிமாவில் கரையிறங்கினார். அங்கே அவர் இருந்தது சுமார் இரண்டேகால் ஆண்டுகள்தாம். அவர் ஊன்றிய விதை என்னவாயிற்று என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. நம் கோவிலின் ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், அந்நாட்டின் நாகசாகி நகரத்துக் கோவில்கள் இரண்டின் கதையைச் சொல்ல விழைகிறேன்.

முதலில் வந்தது வேதகலாபனை. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியில் நிஷிசாகா குன்றின்மேல் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் நம் நாட்டு வசாயில் பிறந்த அர்ச். கொன்சாலோ கார்சியா. 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை வந்தது. கோவில்கள் இடிக்கப்பட்டன. ஆண்டுதோறும் ஊராரை வரிசையாக நிறுத்தி, கர்த்தர் அல்லது மாதா உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்கச் சொன்னார்கள். மிதிக்காதவன் கிறிஸ்தவன்; அவனுக்குத் தண்டனை. 1644-க்குப் பின் ஜப்பானில் ஒரு குருவானவர்கூட இல்லை.

குருவில்லை, ஆகவே பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. மிஞ்சியது ஞானஸ்நானமும் செபமும். நாகசாகியை அடுத்த உராகாமி கிராமத்து ஏழை விவசாயிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர். குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர். வீடு வீடாகச் செய்தி கொண்டுபோக ஒருவர். நம் கிராமங்களில் சாமியார் வராத மாதங்களில் கோவிலைக் கட்டிக்காத்த உபதேசியார்களை நினைத்துக்கொண்டால் இது நமக்கு எளிதில் விளங்கும். வெளிக்கு அவர்கள் பௌத்தர்கள். வீட்டில் இருந்த சீனக் களிமண் கன்னோன் தேவியின் உருவமே அவர்களுக்கு மாதா. ஏழு தலைமுறை சென்றபின் குருக்கள் கப்பலில் வருவார்கள் என்று பஸ்தியான் என்ற உபதேசியார் சொல்லிச் சென்றதாக வழிவழிச் செய்தி ஒன்று அவர்களிடையே இருந்தது.

ஜப்பான் தன் துறைமுகங்களை அந்நியருக்குத் திறந்தபின், நம் புதுச்சேரியிலும் ஊழியம் செய்த அதே பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் நாகசாகிக்கு வந்து, ஔரா என்னுமிடத்தில் மேட்டின்மேல் ஒரு கோவில் எழுப்பினார்கள். வேலையை எடுத்து நடத்தியவர் அமகுசா தீவைச் சேர்ந்த கோயாமா என்னும் ஜப்பானியர். 26 வேதசாட்சிகளுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, 1865 பிப்ரவரி 19-இல் கோவில் மந்திரிக்கப்பட்டது. முகப்பில் 'பரலோக ஆண்டவரின் ஆலயம்' என்று பொருள்படும் எழுத்துகளைப் பெரிதாகப் பொறித்து வைத்தார்கள். அந்நியருக்காக மட்டுமே அனுமதிக்கப்பட்ட கோவிலுக்கு அந்நாட்டு எழுத்தில் பெயர்ப்பலகை எதற்கு? யாருக்காக அது என்பதை அந்தக் குருக்கள் அறிந்தேயிருந்தார்கள்.

மார்ச் 17, வெள்ளிக்கிழமை நடுப்பகல். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பெத்தித்ழான் சுவாமி கதவைத் திறந்துவிட்டு, பீடத்தின்முன் முழங்காலிட்டார். நடுவயதுப் பெண்ணொருத்தி அருகே வந்து, நெஞ்சில் கைவைத்து, தங்கள் இருதயமும் அவர் இருதயமும் ஒன்றே என்றாள். பின்பு, சாந்த மரியாவின் சொரூபம் எங்கே என்று கேட்டாள். சுவாமி பக்கப் பீடத்துக்கு அழைத்துப்போனார். குழந்தையைக் கையிலேந்திய மாதாவைக் கண்டு அவர்கள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. துயர காலத்தின் 17-ஆம் நாளில் தாங்கள் இருப்பதாகவும் சொன்னார்கள். அவ்வாண்டு சாம்பல் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை!

அந்த ஆனந்தத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. தடைச் சட்டம் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. 1867-இல் கைதுகள் தொடங்கின. உராகாமி மக்கள் சுமார் 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்குக் கடத்தப்பட்டார்கள். 600-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கொடுமையை அவர்கள் 'பயணம்' என்றே குறிப்பிட்டார்கள்.

1873-இல் தடை நீங்கித் திரும்பியவர்கள், தங்களை வரிசையில் நிறுத்தி உருவத்தை மிதிக்கச் சொன்ன அதே ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். அதன்மேல் 1895-இல் செங்கல் கோவில் எழும்பத் தொடங்கியது. பணமின்றி வேலை நின்று நின்று நடந்து, 1914-இல் மந்திரிக்கப்பட்டது. இரட்டைக் கோபுரங்கள் முடிய 1925 ஆயிற்று. கோவில் கட்டிய எந்தப் பங்குக்கும் இந்த வேதனை புதிதல்ல.

இக்காலத்தில் சுற்றுவட்டாரத் தீவுகளிலும் பல கோவில்கள் எழுந்தன. அவற்றுள் மிகப் பலவற்றைக் கட்டியவர் தெத்சுகாவா யோசுகே. அவர் கடைசிவரை பௌத்தராகவே வாழ்ந்தவர் என்பது வியப்புக்குரியது.

1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடம். மோட்ச ஆரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாக உராகாமிக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. சுமார் 500 மீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள். இருநூற்றைம்பது ஆண்டுக் கலாபனையால் அழிக்க முடியாத சபை அது! தொலைவில் இருந்த ஔரா கோவில் சேதத்துடன் தப்பியது; 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

உராகாமியின் இடிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக வைக்கவேண்டும் என்று பலர் விரும்பினர். ஆயினும் 1958-இல் அவை அகற்றப்பட்டு, 1959-இல் அதே இடத்தில் புதுக்கோவில் எழுந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் குண்டு விழுந்த இடத்தருகே நிற்கிறது. உலகத்துக்கு அது இழப்பே. ஆனால் நிலத்தை அவ்வளவு பாடுபட்டு வாங்கியவர்களின் பிள்ளைகள், பூசை காண அதே இடத்தைக் கேட்டதில் நான் குறைகாண மாட்டேன்.

கோபுரங்களில் இரண்டு மணிகள் இருந்தன. பெரியதை மக்கள் இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்து, 1945 கிறிஸ்துமஸ் இரவு ஒலிக்கச் செய்தார்கள். மற்றது நொறுங்கிப்போயிற்று. குண்டு போட்ட நாட்டின் கத்தோலிக்கர் காணிக்கை திரட்டி அதற்கு ஈடாக ஒரு மணி செய்து கொடுக்க, 2025 ஆகஸ்டு 9 அன்று, 80 ஆண்டுகளுக்குப் பின், காலை 11 மணி 2 நிமிடத்துக்கு இரண்டும் சேர்ந்து ஒலித்தன.