இணையவழி மருந்து விற்பனையும் இந்தியச் சட்டமும்

இணையவழி மருந்து விற்பனை என்பது இணையதளம் அல்லது கைபேசிச் செயலி வழியாக மருந்துகளுக்கு ஆர்டர் பெற்று வீட்டுக்கே அனுப்பிவைக்கும் வணிகம். இந்தியாவில் டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளை இப்படி வாங்குவதைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் தனிச் சட்டமும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கும் சட்டமும் இல்லை. இணையம் தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்ட சட்டங்களே இதற்கும் பொருந்துகின்றன. மருத்துவரின் எழுத்துவழிச் சீட்டு, உரிமம் பெற்ற கடை, பதிவுபெற்ற மருந்தாளுநர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதைக் கொண்டே ஒரு விற்பனை முறையானதா எனத் தீர்மானிக்கப்படுகிறது.

சட்ட அடிப்படை

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும், அதன்கீழ் வந்த 1945-ஆம் ஆண்டின் விதிகளும் மருந்து வணிகத்தை ஆள்கின்றன. சில்லறை விற்பனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை படிவம் 20, படிவம் 21 ஆகியவற்றில் உரிமம் வழங்குகிறது. ஒவ்வொரு உரிமமும் குறிப்பிட்ட முகவரியில் உள்ள ஒரு கடைக்கு உரியது. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் 42-ஆம் பிரிவின்படி, சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரியது.

மருந்து அட்டவணைகள்

மருந்துகள் பல அட்டவணைகளில் பிரிக்கப்பட்டுள்ளன. எச் அட்டவணை மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணையில் வீரியமிக்க நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், அல்பிரஸோலம், டிரமடால் போன்ற பழக்கத்துக்கு ஆளாக்கும் மருந்துகள் அடங்குகின்றன. இவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கெட்டமின் போன்றவை எக்ஸ் அட்டவணையைச் சேர்ந்தவை. இவற்றுக்குச் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்றைக் கடையில் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மருந்துச் சீட்டும் கடையின் முத்திரையும்

சிக்கலின் மையம் விதி 65-இல் இருக்கிறது. மருத்துவர் கையொப்பமிட்டுத் தேதியிட்ட சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, உட்கொள்ளும் அளவு ஆகியவை இருக்க வேண்டும். திரும்ப வாங்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தரலாம். மருந்து கொடுத்ததும் மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைக் கடைக்காரர் குறிக்க வேண்டும். மருந்துக் கடைகளில் சீட்டின்மேல் சீல் வைப்பது இதற்காகத்தான். அந்தச் சீலைப் பார்க்கும் அடுத்த கடைக்காரருக்கு, மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்பது தெரிந்துவிடும்.

கைபேசியில் எடுத்த படத்தின்மேல் இந்தச் சீல் விழுவதில்லை. பத்து தூக்க மாத்திரைக்கு எழுதிய ஒரே சீட்டை ஐந்து செயலிகளில் பதிவேற்றினால் ஐம்பது மாத்திரைகள் வீடு வந்து சேரக்கூடும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட மதிப்பு தருகிறது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களும் மருத்துவர் சீட்டைப் படமாக அனுப்புவதை ஏற்கின்றன. எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதை, மனமயக்க மருந்துகளையும் தொலைமருத்துவத்தில் எழுதுவதைத் தடை செய்கின்றன. ஆனால் பயன்படுத்திய சீட்டைச் செல்லாததாக்க, சீலுக்கு ஈடான பொது ஏற்பாடு இணையத்தில் உருவாகவில்லை. நோயாளியின் உயிரைக் காக்கும் வேலியில் விழுந்த ஓட்டை இதுவே.

வரைவு விதிகளும் வழக்குகளும்

2018 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அரசு இணைய மருந்தகங்களுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. மத்திய அதிகார அமைப்பிடம் பதிவு, அதற்கு ரூ. 50,000 கட்டணம், மூன்று ஆண்டு செல்லுபடிக் காலம், எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்கும் போதை மருந்துகளுக்கும் தடை, விளம்பரத் தடை, நோயாளி விவரங்களின் ரகசியம் ஆகியவை அதில் இருந்தன. 2025 தொடக்கம் வரை இந்த வரைவு இறுதி விதியாகவில்லை.

2018 டிசம்பர் 12 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், உரிமமின்றி இணையத்தில் மருந்து விற்பதற்குத் தடை விதித்தது. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகள் அறிவிக்கப்படும்வரை இணைய விற்பனை கூடாது என்று டிசம்பர் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி புஷ்பா சத்யநாராயணா உத்தரவிட்டார். இந்த உத்தரவை 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்திவைத்தது. 2023 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி பல இணைய நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்.

பெருந்தொற்றுக் கால அனுமதி

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உரிமம் பெற்ற கடைகள் மின்னஞ்சலில் வந்த சீட்டைப் பார்த்து, அதே வருவாய் மாவட்டத்துக்குள் மருந்தை வீடு தேடிச் சென்று தர அது வழிசெய்தது. நாள்பட்ட நோய்க்கு 30 நாளுக்குள், திடீர் நோய்க்கு 7 நாளுக்குள் எழுதப்பட்ட சீட்டாக இருக்க வேண்டும். எச்-1, எக்ஸ் அட்டவணை மருந்துகளும் போதை மருந்துகளும் இதில் சேர்க்கப்படவில்லை.

வெளிநாட்டுத் தளங்களும் தண்டனையும்

வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி தன் சொந்தத் தேவைக்கான மருந்தைப் பெட்டியில் எடுத்து வரலாம்; ஒரு மருந்துக்கு 100 வேளை அளவே உச்சவரம்பு. பயணியின் பெட்டியில் வராமல் தபாலிலோ கூரியரிலோ வரவழைக்கும் மருந்துக்குப் படிவம் 12-அ-வில் விண்ணப்பித்து 12-ஆ அனுமதி பெற வேண்டும். போதை, மனமயக்க மருந்துகளுக்கு 1985-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும். உரிமமின்றி மருந்து விற்பவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளை இணையத்தில் வரவழைத்துப் போதைக்காக விற்றவர்களைத் தமிழ்நாட்டுக் காவல்துறை பலமுறை கைது செய்துள்ளது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

நேர்மையான தளம் சீட்டைக் கேட்கும்; கேட்காமல் அனுப்பும் தளம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பில்லில் கடையின் பெயர், முகவரி, உரிம எண், மருந்தின் தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தன் விருப்பப்படி மாற்றித் தரக்கூடாது. பெயர் மாறி வந்தால் மருத்துவரிடம் கேட்காமல் விழுங்கக்கூடாது. 2023 ஆகஸ்ட் முதல் தயாராகும் 300 பிரபல மருந்துகளின் மேலுறையில் கியூஆர் குறியீடு கட்டாயம்; அதைக் கைபேசியில் படித்துத் தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். எழுந்து நடக்க முடியாத முதியவருக்கு வாசலில் வந்து சேரும் மருந்து பெரிய உதவி. அந்த உதவியின் பெயரால் மருந்தாளுநரின் கண்காணிப்பு நழுவிவிடாமல் காக்கும் தெளிவான விதிகளை இந்தியா இன்னும் எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது.