காந்தளூர்க்கு வந்த படை

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் எல்லை என்றவுடன் நமக்கு 1956 நவம்பர் முதல் நாளே நினைவுக்கு வருகிறது. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே சோழப் படை இத்தென்கோடியை நாடி வந்தது. ஏன் வந்தது?

711-இல் ஸ்பெயினில் இறங்கிய அரபு, பெர்பர் படையை மதப்பற்று ஒன்றாலேயே விளக்கிவிடுவார் உளர். 732-இல் அப்படையை டூர் நகர் நோக்கி ஈர்த்ததோ தூய மார்ட்டின் கோயிலின் செல்வம் என்பர். இங்கோ, வந்தவரும் எதிர்த்தவரும் வணங்கிய தெய்வங்கள் ஒன்றே. எனவே காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

காந்தளூர்ச் சாலையில் 'கலம்' அறுத்ததை முதலாம் இராசராசன் கல்வெட்டுகள் முதற்பெருமையாகப் பேசும். கலம் மரக்கலமா, உண்கலமா என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். (சொல் ஒன்று, கட்டுரைகளோ எத்தனை!) நமக்குத் துணை செய்வது, எல்லைக்கு இப்பால் முன்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு. 866-இல் ஆய் வேந்தன் கருநந்தடக்கன், காந்தளூர் முறைப்படி 95 சட்டர்க்குச் சாலை நிறுவினான். இலக்கணத்தோடு மூன்று அரசுகளின் நடைமுறையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அரசு நடத்த ஆள் பயிற்றிய இடம் அது எனலாம். அம்முறைக்கு மூலமான சாலையைப் பணிவித்தவன் ஒரு நாட்டின் மூளையையே பிடித்தவனாவான்.

அருகிலிருந்த விழிஞம் துறைமுகமும் தப்பவில்லை. அது பின்னர் இராசேந்திர சோழப் பட்டினம் எனப் பெயர் பூண்டது.