செந்திராட்சை மது: பாண்டிநாட்டில் சுவைத்தேர்வும் உணவிணக்கமும்

கருந்திராட்சைக் கனியை நசுக்கி, தோலோடும் விதையோடும் புளிக்கவைத்து, பின்னர் வடித்தெடுக்கும் பானம் செந்திராட்சை மது ஆகும். அதன் வர்ணத்தைக் கண்ணாலும் மணத்தை நாசியாலும் ருசியை நாவாலும் ஆராய்ந்து, இன்ன உணவுக்கு இன்ன மது இசையும் என்று விருந்தினருக்கு எடுத்துரைப்பவரை ஐரோப்பியர் சொமெலியே என்பர். இது மதுரைக்கு முற்றிலும் புதிய வித்தை என்று பலரும் எண்ணுவர். உடுப்பும் பட்டயமும் புதியனவே. ஆயினும் கடல்கடந்து வந்த மதுவை அதன் மணமறிந்து போற்றுவதும், உரிய பாத்திரத்தில் முறையாக வார்ப்பதும் வைகைக்கரை அரண்மனையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சம்பிரதாயமாக நிலவியவை.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனைப் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டு இதற்குத் தலையாய சான்று. மன்னனை நான்கு தெய்வங்களுக்கு நிகராக்கிப் புகழ்ந்த புலவர், வாழ்த்தி முடிக்கும் இடத்தில், யவனர் நல்ல ஜாடிகளில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட இனிதிருப்பாயாக என்கிறார். அவர் நிறத்தைப் பேசாது குளிர்ச்சியையும் மணத்தையுமே எடுத்தோதியது கவனிக்கத்தக்கது. தேர்ந்த சுவைஞர் எவரும் மணத்துக்கே முதலிடம் தருவர். மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியும், மணங்கமழ் தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்திவர மன்னன் மகிழ்ந்து வாழ்க என்ற வாழ்த்தோடுதான் நிறைவுறுகின்றது. நிலையாமையை உரைக்க வந்த காஞ்சிப் பாட்டு இவ்வாறு முடிவது வேடிக்கையே.

இந்த யவன மது அரும்பொருளாகவே இருந்திருத்தல் வேண்டும். கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், முசிறிக்கும் பாண்டியருக்குரிய நெல்கிந்தாவுக்கும் வந்திறங்கும் சரக்குகளில் மதுவையும் சேர்த்து, ஆனால் மிகுதியாக அன்று என்று ஒரு குறிப்பும் தருகின்றது. மிளகை ஏற்றிச்செல்ல வந்த கப்பல் கொண்டுவந்த சிறு சரக்கு மது; எனவே அது அங்காடிக்குப் போகாமல் அரண்மனைக்கே போயிருக்கலாம். மதுவைச் சுமந்துவந்த ஆம்போரா என்னும் ஜாடி, இருபுறமும் கைப்பிடியும் கூரிய அடியும் உடையது. கசிவைத் தடுக்க உட்புறம் கீல் பூசப்பட்டது. ஆதலால் உள்ளிருந்த மதுவிலும் பிசினின் வாசம் ஏறிவிடும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் இவ்வகை ஓடுகள் ஏராளமாய்க் கிடைத்தன; வைகையின் முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்திலும் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் இவற்றைக் கண்டெடுத்தனர். அரிக்கமேட்டு ஓடுகளில் பெரும்பங்கு, இரட்டைக் குழல் போன்ற கைப்பிடியுடைய காஸ் தீவு வகையைச் சேர்ந்தவை. காஸ் மது, கெட்டுப்போகாதிருக்கக் கடல்நீர் கலந்து செய்யப்பட்ட மது. அதனை இத்தாலியிலேயே போலியாகச் செய்துகொள்ளும் முறையை ரோமானியர் கேட்டோ தம் வேளாண்மை நூலில் விரித்துரைக்கின்றார். பாண்டியன் கிண்ணத்தில் வார்க்கப்பட்டது இத்தகைய சற்றே உவர்ப்பான, பிசின் மணம் வீசும் மது என்று கொள்வதே தகும்.

உணவிணக்கத்தைப் பற்றிப் பாட்டும் தொகையும் கூறுவன, பெரும்பாலும் உள்நாட்டுக் கள்ளையும் தேறலையும் குறித்தவை. எனினும் இணை சேர்க்கும் நெறி அவற்றில் தெளிவாய் உள்ளது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர், கடலலை ஒதுக்கிய மணக்கட்டைகளை விறகாக எரித்து, முதிர்ந்த தேறலோடு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருகின்றனர். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் அவைக்கு வந்த பொருநன், அருகம்புல் மேய்ந்த ஆட்டின் வெந்த தொடையையும் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியையும் கள்ளோடு தின்றுதின்று பல் மழுங்கினான். மலைநாட்டார் மூங்கிற்குழாயில் முதிரவைத்த தேறலை வேட்டையூனோடு அருந்தியதை மலைபடுகடாம் பேசும். கரையில் கருவாடும் சமவெளியில் ஆடும் மலையில் வேட்டையூனும் அவ்வந் நிலத்துப் பானத்தோடு சேர்ந்தன. பிரெஞ்சுக்காரர் இன்று மண்ணின் இயல்பு என்று பெருமிதத்தோடு போதிப்பதும் ஏறக்குறைய இதுவே.

இடைக்காலத்தைப் பற்றிச் சொல்லத்தக்கது சொற்பம். கிறிஸ்தவ மறைப்பணியோடு பலிபூசைக்குரிய திராட்சை ரசம் மதுரைச் சீமைக்கு மீண்டும் வந்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கம்பம் பள்ளத்தாக்கில் ஊன்றியதாக வழங்கும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனத்தது. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் கொடி, இங்கே முல்லைப்பெரியாற்றுப் பாசனத்திலும் வெயிலிலும் ஆண்டு முழுவதும் மாறிமாறிக் கவாத்து செய்யப்பட்டுக் காய்க்கின்றது.

சுவைகாணும் கிரமம் வருமாறு: கண்ணாடிக் கோப்பையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் ஊற்றி, வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பார்த்தால், விளிம்பில் ஊதாச் சாயல் தெரிவது இளமதுவென்றும், செங்கல் நிறம் தெரிவது முதிர்ந்ததென்றும் அறியலாம். பின்னர்க் கோப்பையைச் சுழற்றி மணத்தை எழுப்பி முகர்ந்து, ஒரு மிடறு வாய்க்கொண்டு, காற்றையும் உள்ளிழுத்து நாவெங்கும் பரப்பி, தொழில்முறைச் சுவைஞராயின் உமிழ்ந்துவிடுவர். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் ஈறையும் கன்னத்தையும் இறுக்கும். கடுக்காயும் வாழைப்பூவும் அறிந்த நாவுக்கு இத்துவர்ப்பை விளக்கிச்சொல்ல வேண்டியதில்லை. அறை வெப்பத்தில் பரிமாறுக என்னும் மேல்நாட்டு விதி 16 முதல் 18 பாகை வரையுள்ள அறையைக் கருதியது. சித்திரை மாதத்து மதுரையில் அதனைப் பின்பற்றினால் கோப்பையில் சாராய நெடி மட்டுமே எஞ்சும். ஆகவே புட்டியைப் பனிக்கட்டியில் சிறிது நேரம் வைத்தெடுத்தல் அவசியம்.

மதுரைச் சமையலில் செம்மதுவுக்கு உற்ற துணை மட்டன் சுக்கா. கொழுப்பும் புரதமும் டானினைத் தணிக்கும். அதற்கும் மேலாக, ஷிராஸ் திராட்சையின் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் பொருளே கருமிளகின் மணத்துக்கும் காரணம் என 2008இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். யவனர் எதைத் தேடிக் கடல் கடந்தனரோ அதன் வாசனை திராட்சைக் கொடியினம் ஒன்றிலேயே மறைந்திருந்தது விசித்திரம். கறிதோசைக்கு அடர்த்தி குறைந்த மது போதும். அடியில் மாவும் நடுவில் முட்டையும் மேலே கொத்துக்கறியுமாக அதுவே கனமானது. குடல் குழம்பிலும் மிளகாய் மிகுந்த சால்னாவிலும் எச்சரிக்கை வேண்டும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைப் பெருக்கும், டானின் அதனை இன்னும் கடுமையாக்கும். ஆதலால் நூற்றுக்கு 14 பங்கு ஆல்கஹாலுள்ள புட்டியை விலக்கி, 12 பங்குள்ள பழச்சுவை மதுவைத் தேர்வதே விவேகம். அயிரைமீன் குழம்புக்குச் செம்மது ஆகாது. புளியின் முன் மது சப்பிட்டுப்போம். மதுவிலுள்ள இரும்பு மீனெண்ணெயோடு சேர்ந்து வாயில் உலோக வாடையை எழுப்பும். ஜிகர்தண்டாவோடு எந்த மதுவையும் சேர்க்க முயல்வது வீண்.

1948இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. பின்னர்ப் பலமுறை மாறி, 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் உள்ளது. சுவைஞர் தொழில் பெரிய விடுதிகளின் உணவுக்கூடங்களை விட்டு வெளிவரவில்லை. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் விளைச்சலில் பெரும்பகுதி பழமாகவே விற்பனையாகின்றது.